பதினேழு கிலோ

சாரு,

நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. நோயாளிகளுக்கான இலவச விமானங்களுக்கு ஏற்பாடு செய்யும் லின் அம்மாதான் போன வாரம் என்னைக் கூப்பிட்டார். "உங்கள் பாஷை பேசுகிற இன்னொரு தாய் வந்திருக்கிறார், உங்களிடமிருந்து இரண்டு மணி நேரத் தூரம். பையனுக்கு மாதாமாதம் நகரத்து ஆஸ்பத்திரி. சின்ன விமானம் என்றதும் பயப்படுகிறார். எப்படி இருக்கும், என்ன எடுத்துக்கொள்ளவேண்டும் என்று ஒரு பக்கம் எழுதித் தருகிறீர்களா?" என்றார். ஒரு பக்கம்தான் கேட்டார். நான் எழுதுவது இது நாலாவது தடவை. முதல் மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

லின் கேட்டதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் சென்னையில் ஏறி ஆஸ்திரேலியாவில் இறங்கிய விமானத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இதில் நாலு பேர் உட்காரலாம், அதில் ஒருவர் ஓட்டுகிறவர். எங்கள் தூத்துக்குடி ஷேர் ஆட்டோவில் முட்டி இடித்துக்கொண்டு உட்காருவோமே, அவ்வளவு இடம்தான். கழிவறை கிடையாது. ஏறுவதற்கு முன்னால் பையனை ஒன்றுக்குப் போகச் சொல்லுங்கள். வரவில்லை என்றாலும் போகச் சொல்லுங்கள். பயணம் இரண்டரை மணி நேரம். காரில் போனால் பதின்மூன்று மணி நேரம், அதுவும் வழியில் கங்காரு குறுக்கே வராமல் இருந்தால். காதுக்குப் பெரிய ஹெட்போன் தருவார்கள். வெயில் நாளில் விமானம் குதிக்கும். பஸ் பள்ளத்தில் இறங்குகிற மாதிரிதான். என்ன, பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. நான் முதல் தடவை கண்ணை மூடி ஜெபமாலை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டேன். திறந்து பார்த்தால் கீழே இன்னும் எங்கள் ஊர்தான் தெரிகிறது.

ஓட்டுகிறவர்கள் இதற்குச் சம்பளம் வாங்குவதில்லை. சொந்த விமானம், சொந்த ஆசை. என் வீட்டுக்காரர் ராயன் செம்புச் சுரங்கத்தில் ஃபிட்டர். முதல் நாள் அவர் சொன்னது: "ஒருத்தன் துட்டு வாங்காம பறக்கான்னா, ஒண்ணு அவன் பைத்தியம், இல்ல பிளேன் பைத்தியம். எதுக்கும் ரெண்டு தடவ குருசு போட்டுக்கிட்டு ஏறுட்டி."

அப்புறம் படிவம். பறக்கிற வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு படிவத்தை நிரப்பிப் போட்டோ எடுத்து அனுப்பவேண்டும். ஏறுகிற ஒவ்வொருவரின் எடை, பையின் எடை, நோயாளியின் நிலைமையில் ஒரு வாரத்தில் ஏதாவது மாற்றம் உண்டா. கடைசி வரி சின்ன எழுத்தில் இருக்கும்: தவறான தகவல் தந்தால் சேவை நிறுத்தப்படலாம். எடையைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். என் எடையை நான் ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். என் எடையை.

இதோடு ஒரு பக்கம் முடிந்துவிட்டது. இங்கேயே நிறுத்திக் கையெழுத்துப் போடலாம். மூன்று தடவையும் இந்த இடத்தில்தான் கிழித்தேன்.

எங்களைக் கூட்டிப்போகிறவர் பெயர் வார்விக். உங்களையும் அவர்தான் கூட்டிப்போயிருக்கவேண்டும். கோதுமை விவசாயி, எழுபதை நெருங்குகிறார். முழங்கால் சட்டையும் பெரிய பூட்ஸும். என்னை முதல் நாளே "லவ்" என்று கூப்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் பன்னிரண்டு வருடம் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். ஆண்பிள்ளையிடம் பேசினால் நடுவில் ஒரு மேஜை இருக்கவேண்டும் என்று வளர்த்தார்கள். ராயனிடம் சொன்னேன். "கசாப்புக் கடைக்காரன் என்னையும் அப்படித்தான்ட்டி கூப்புடுதான்" என்றார்.

வார்விக் விமானத்தைச் சுற்றி வருவதைப் பார்க்கவேண்டும் நீங்கள். இறக்கையை நெடுகத் தடவிக்கொண்டே நடப்பார். அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதாம். பூசையில் சாமியார் பாத்திரத்தை உயர்த்துவது போலவே இருக்கும். என் மகள் ஜோவிதா அதைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் எடை பார்ப்பார். இரண்டாவது தடவை முந்திரிக்கொத்து கொண்டுபோய்க் கொடுத்தேன். சும்மா எப்படி ஏறுவது, வெறுங்கையோடு? "இது எத்தனை கிராம்?" என்று கேட்டு, கொட்டகையில் இருந்த தராசில் வைத்துப் பார்த்து, நோட்டில் குறித்து, அப்புறம் இரண்டைத் தின்றுவிட்டு, "இப்போது இது என் கணக்கு" என்றார். ஜோவிதா சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

ஜோவிதாவுக்கு ஐந்து வயது. அவளுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. உடம்பில் இருக்கவேண்டிய புரதம் சிறுநீரில் போய்விடும், போகவேண்டிய நீர் உடம்பில் தங்கிவிடும். முகம் வீங்கும், கால் வீங்கும். மாதம் ஒரு தடவை நரம்பு வழியாக மருந்து ஏற்றவேண்டும், ஆறு தடவை. அதற்கப்புறமும் இரண்டு வருடம் போய்க் காட்டவேண்டும். அந்த மருந்து நகரத்தில்தான். நகரத்துக்குக் குடிபோகலாமே என்பீர்கள். மூன்று வருடம் இந்த ஊரில் இருந்தால்தான் எங்களுக்கு விசா நிலைக்கும். இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது.

தினம் காலையில் அவளை நிறுத்து எழுதிவைக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டு தந்திருந்தார்கள். இரண்டு நாளில் ஒரு கிலோ ஏறினால் உடனே கூப்பிடவேண்டும். எங்கள் பக்கம் பிள்ளையைத் தராசில் ஏற்றமாட்டார்கள். நிறுத்தால் பிள்ளை தேய்ந்துவிடும் என்பார் என் மாமியார். இருந்தாலும் நான் தினம் நிறுத்தேன். நோட்டைப் பார்த்தால் தெரியும், அச்சடித்த மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு எழுத்தை அடித்தால் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதவேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் மனசிலும் அழுக்கு இருக்கும் என்பார் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர்.

பிப்ரவரியில் நாலாவது மருந்துக்கு முந்தின வாரம் ராயன் சுரங்கத்தில் இருந்தார். ஏழு நாள் அங்கே, ஏழு நாள் இங்கே, அப்படித்தான் அவர் வேலை. புதன்கிழமை ஜோவிதா பதினேழு கிலோ. வெள்ளிக்கிழமை பதினெட்டரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது புள்ளி நான்கு.

அன்றைக்குப் பார்த்து மாமியார் வீடியோவில் வந்தார். ஜோவிதாவைக் கண்டதும் முகமெல்லாம் பூரிப்பு. "ஏ ஷைனி! இப்பதான் பிள்ள பாக்கப் பிள்ள மாதிரி இருக்கா! கன்னத்தப் பாரேன், கொழுக் மொழுக்குன்னு! நான் அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டது வீண் போகல." பின்னால் நின்ற நாத்தனாரும் எட்டிப் பார்த்து, "அண்ணன் சாயல் இப்பதான் தெரியுது" என்றாள். சாரு, கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வீட்டில் என்னை யாரும் மெச்சியதில்லை. பிள்ளைக்குச் சீக்கு என்றதும் என் பக்கத்துச் சீக்கு என்றுதான் பேசினார்கள். அன்றைக்கு அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ராத்திரி படிவம் நிரப்பினேன். ஜோவிதா, பதினேழு கிலோ. மாற்றம் உண்டா? இல்லை.

ஏன் என்று கேட்பீர்கள். உள்ளூர் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டிருந்தால் படுக்கையில் போட்டிருப்பார்கள். போன தடவை எட்டு நாள் போட்டார்கள், மருந்துத் தேதி ஒரு மாதம் தள்ளிப்போனது. நிலைமை சீராக இருப்பவர்களை மட்டும்தான் இந்த விமானத்தில் ஏற்றுவார்கள். நர்ஸ் கிடையாது, ஆக்சிஜன் கிடையாது. எப்படியும் புதன்கிழமை அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறோம்? அங்கே போனால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் இல்லையா? மூன்று நாள்தானே? நான் தப்பாக எதுவும் யோசிக்கவில்லை. திங்கள், செவ்வாய் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை, அது உண்மை. எடை மிஷினில் பேட்டரி தீர்ந்துபோய்விட்டது.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே நாற்பது டிகிரி. ஓடுபாதை கொதிக்கிறது. வார்விக் வழக்கம்போல ஜோவிதாவை இறக்கைமேல் ஏற்றிவிடத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். மேலேயும் ஏற்றவில்லை, கீழேயும் இறக்கவில்லை.

"கனமாகிவிட்டாளே" என்றார்.

"ஷூ" என்றேன்.

அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். ஜோவிதா ரப்பர் செருப்புப் போட்டிருந்தாள். ஷூ காலில் ஏறவில்லை என்று அதை நான்தான் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அவளைக் கொட்டகைக்குத் தூக்கிப்போய்த் தராசில் நிறுத்தினார். என்னிடம் கேட்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், என்னிடம் கேட்கவே இல்லை. இருபத்தொன்று புள்ளி இரண்டு.

"படிவத்தில் பதினேழு."

"எங்கள் சாப்பாடு. சோறு" என்றேன்.

"ஒரு மாதத்தில் நாலு கிலோ சோறா, லவ்?"

அப்போது ஜோவிதா, பாலர் பள்ளியில் படித்த இங்கிலீஷில், இந்த ஊர்க்காரர்கள் இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொன்னாள்: "அம்மா எங்க மிஷின் பேட்டரியை எடுத்து டிவி ரிமோட்டுக்குப் போட்டுட்டாங்க."

ஆமாம் சாரு. பேட்டரி தீரவில்லை. நான் கழற்றினேன். மேலே அடித்து எழுதலாம்தான். இருக்கட்டும்.

வார்விக் மண்டியிட்டு, அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. குழி அப்படியே இருந்தது. "என் மனைவிக்குக் கடைசியில் கால் இப்படித்தான் ஆனது" என்றார். எழுந்து தொப்பியைக் கழற்றினார். "இன்றைக்கு நான் பறக்கமாட்டேன்."

நான் கெஞ்சினேன். தேதி போய்விடும் என்றேன். நீங்களும் ஒரு தகப்பன்தானே என்றேன். அவர் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, இங்கிலீஷ்தான் வந்தது. கான்வென்ட் இங்கிலீஷ், எலாக்யூஷன் போட்டியில் பேசினது போல. என் மகளைச் சந்தையில் ஆட்டுக்குட்டியை நிறுக்கிற மாதிரி நாலு பேர் முன்னால் நிறுத்தி அவமானப்படுத்திவிட்டீர்கள், உங்கள்மேல் புகார் கொடுப்பேன் என்றேன். நாலு பேர் என்றால் நான், ஜோவிதா, அவர், அப்புறம் புல் வெட்ட வந்த ஒருவர். அவரும் மிஷினை நிறுத்திவிட்டு எங்கோ போய்விட்டார்.

"கொடுங்கள்" என்றார் வார்விக். ஜோவிதாவை மடியில் வைத்துக்கொண்டு, அவள் முகத்துக்குத் தொப்பியால் விசிறினார்.

அன்று மாலை, டாக்டரும் நர்ஸும் இருக்கிற அரசு ஆம்புலன்ஸ் விமானம் வந்து எங்களை நகரத்துக்குக் கொண்டுபோனது. பதினோரு நாள் படுக்கையில் இருந்தாள். வயிற்றில் தேங்கிய நீரில் கிருமி சேர்ந்திருந்ததாம். அது அடங்கியபின் நாலாவது மருந்தை அங்கேயே ஏற்றினார்கள். இரண்டாவது நாள் அவள் தூங்கும்போது, ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து புகாரை எழுதினேன். இரண்டு பக்கம், ஒரு அடித்தல் இல்லை. "கண்ணியம்" என்ற சொல் ஐந்து இடத்தில் வரும். எடைக்கு ஒரு வரி: குழந்தையின் எடை குறித்துச் சிறு கருத்து வேறுபாடு ஏற்பட்டது. மூன்றாவது நாள் பெரிய டாக்டர் வந்தார். "இந்த நிலைமையில் மருத்துவ உதவி இல்லாமல் இரண்டரை மணி நேரம் ஆகாயத்தில் இருந்திருந்தால், நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கமாட்டோம். யார் கவனித்தது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே அந்தப் புகாரைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடந்துபோய்த் தபால் பெட்டியில் போட்டேன். இதற்கு மட்டும் என்னிடம் காரணம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். பயந்தவள் என்ன செய்வாள் என்று எனக்கே தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அவர்கள் விதிப்படி, புகார் வந்தால் விசாரணை முடியும்வரை அந்த விமானி நோயாளிகளை ஏற்றக்கூடாது. இந்த மேற்குப் பக்கத்துக்கு இருப்பவர் வார்விக் ஒருவர்தான். ஐந்தாவது மருந்துக்கு நாங்கள் காரில் போனோம். ஜோவிதா வழியெல்லாம் வாந்தி. ராயன் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே, "அந்தக் கிழவன நீ கேட்டது சரிதாம்ட்டி" என்றார். அவருக்கு நான் சொன்ன கதைதான் தெரியும். அவர் ரிமோட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

போன மாதம் உங்கள் பையனுக்கு முதல் பயணம் குறித்திருந்து, கடைசியில் இல்லை என்றானது இல்லையா? விமானி கிடைக்கவில்லை என்று லின் சொல்லியிருப்பார். நீங்கள் அவனைப் பஸ்ஸில் கூட்டிப்போனதாகவும், பாதி வழியில் அவன் மயங்கி விழுந்ததாகவும், டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டி உங்கள் பையனைக் கீழே படுக்கவைத்ததாகவும் சொன்னார். காரணம் என் புகார்தான் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. விமானி கிடைத்தார் சாரு. வீட்டில் சும்மாதான் இருந்தார்.

விசாரணைக்காரர்கள் வார்விக்கிடம் விளக்கம் கேட்டார்களாம். அவர் எழுதிய பதிலை லின் போனில் வாசித்தார். "தாயிடம் கேட்காமல் குழந்தையை நிறுத்தேன். அது உண்மை. அவள் இப்போது எப்படி இருக்கிறாள்?" அவ்வளவுதான். படிவத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதினேழைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் இல்லை. லின்னுக்கே இன்னும் தெரியாது.

எனக்கும் ஒரு தாள் வந்திருக்கிறது. ஒரே ஒரு கேள்விதான். படிவத்தில் எழுதிய எடை, நீங்கள் வீட்டில் கடைசியாகப் பார்த்த எடையா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். நாளைக்குள் அனுப்பவேண்டும். ஆம் போட்டால் என் புகார் நிலைக்கும். அவர் திரும்ப நோயாளிகளை ஏற்றுவாரா தெரியாது. இல்லை போட்டால் அந்தச் சின்ன எழுத்து வரி இருக்கிறதே, அது எங்கள்மேல் விழலாம். இன்னும் ஒரு மருந்து, இரண்டு வருடப் போக்குவரத்து, ஒவ்வொரு தடவையும் பதின்மூன்று மணி நேரம். ராயனுக்கும் தெரிந்துபோகும். மாமியாருக்கும் தெரிந்துபோகும், பிள்ளை வீங்கினதைப் பார்த்துத்தான் அவர் சிரித்தார் என்று. நானும் கூடச் சிரித்தேன் என்று.

ஒரு பக்கம் எழுதச் சொன்னார் லின். பயப்படாமல் ஏறுங்கள் என்று உங்களுக்கு எழுதவேண்டும். நீங்கள் ஏறவேண்டிய விமானத்தை நானே பறக்கவிடாமல் நிறுத்தி வைத்துவிட்டு அதை எப்படி எழுதுவது?

பிப்ரவரிப் படிவத்தின் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. போட்டோதானே அனுப்புவது. இப்போதுதான் அதை எடுத்துவந்து இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பதினேழு, அழகாக இருக்கிறது. அதன்மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் இருபது புள்ளி நான்கு என்று எழுதித் தேதியும் போட்டேன். கோடு கோணலாகிவிட்டது. கீழே இருக்கிற எண்ணும் தெரிகிறது, பக்கத்தில் இருக்கிற எண்ணும் தெரிகிறது. எடை நோட்டின் பக்கத்தையும் சேர்த்துப் போட்டோ எடுத்தேன். தாளில் இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். மூன்றையும் லின்னுக்கு அனுப்பிவிட்டேன். ராயன் நாளை மாலை சுரங்கத்திலிருந்து வருவார். ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருக்கிறேன். என்ன என்று கேட்பார்.

எங்களை இனி ஏற்றுவார்களா தெரியாது. உங்களை ஏற்றவேண்டும்.

ஒரு பக்கத்தில் விட்டுப்போனது இரண்டு. காலையில் பையனை நிறுத்துங்கள், வருகிற எண்ணை அப்படியே எழுதுங்கள். வார்விக்குக்கு ஏதாவது பலகாரம் கொண்டுபோனால் அதன் எடையையும் எழுதுங்கள். அவர் கேட்டால் சொல்லுங்கள்: ஜோவிதா இன்று காலை பதினாறு புள்ளி மூன்று. ஷூ காலில் ஏறுகிறது.

ஷைனி